வழிவிட்ட யானை



யானை பிடிப்பதில் நமது முஸ்லிம் பணிக்கர்கள் பேர்போனவர்களாக இருந்தார்கள். தோல் கயிற்றால் காலில் சுருக்கிட்டுப் பிடித்தார்கள். பிடிபட்ட யானைகள் மனிதரிடம் வேலை பழகி மரம் இழுத்தன, கல் அடுக்கின.

1845இல் காலனித்துவச் செயலாளராக இங்கு வந்த எமர்சன் டெனன்ட், கண்டிக்கு அருகில் தான் கண்டதை எழுதியிருக்கிறார். ஒடுங்கிய பாதையில், தந்தங்களில் மரக்குற்றி சுமந்து ஒரு யானை தனியே வந்தது. அவருடைய குதிரை மிரண்டது. உடனே யானை மரத்தைக் கீழே போட்டு, பின்னால் நகர்ந்து பற்றைக்குள் ஒதுங்கியது. குதிரை இன்னும் தயங்கவே, மேலும் உள்ளே போய் வழிவிட்டது. குதிரை கடந்ததும் மரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தது.

அந்தக் காலத்து மேஜர் ரொஜர்ஸ் சுட்ட யானைகள் 1,400க்கு மேல் என்றும் டெனன்ட் எழுதுகிறார். வெள்ளைக்காரர் அதை விளையாட்டு என்றார்கள்.

யானையின் விளையாட்டு வேறு. வறட்சிக் காலத்தில் மின்னேரியாக் குளத்தில் குட்டிகள் சேற்றில் புரண்டு, ஒன்றையொன்று தள்ளி விளையாடுவதைப் பார்க்கலாம்.

பன்றிக்கு வைக்கும் ஹக்கபட்டஸ் வெடியைக் கடித்து, வாய் சிதறி, தின்ன முடியாமல் சாகும் யானைகளில் பல இந்த இளசுகள்தான். நம் வயலோரத்தில் யாரும் அதை வைக்க விடாமல் தடுப்போம். வாயில்லா ஜீவனுக்காகவும் அல்லாஹ்விடம் நாம் பதில் சொல்ல வேண்டும்.