வானிலிருந்து விழுந்த சரக்கும் துறைமுகத்துக் கணக்கும்

ஓர்ஸ் ஹில் மேடு திருகோணமலை நகருக்கும் உட்துறைமுகத்துக்கும் நடுவில் இருக்கிறது. உட்துறைமுகத்தின் மறுகரையில் சீனக்குடா. அங்கே எண்ணெய்க் குதங்கள், அவற்றை ஒட்டி விமானத்தளம். கப்பல் வரும் வழியும் விமானம் இறங்கும் வழியும் இவ்வளவு பக்கத்தில் அமைந்த ஊர்கள் இலங்கையில் அதிகமில்லை. ஆனாலும் திருமலையின் வான்வழி வரலாற்றை எழுத உட்காருபவர்கள் அநேகமாக ஒரே நாளோடு நின்றுவிடுகிறார்கள். அது 1942 ஏப்ரல் 9, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் துறைமுகத்தையும் தளத்தையும் தாக்கிய நாள். அன்று எதிர்த்துப் பறந்த ஹரிக்கேன்களுக்கும், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பலுக்கும் நூல்களில் நிறைய இடம் உண்டு. சாமான் ஏற்றிப் பறந்த விமானங்களுக்கும் அவற்றில் வேலை செய்தவர்களுக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை. இந்தக் கரையின் அரசியலைத் திருப்பிப் போட்டதில் சண்டை விமானத்தைவிடச் சரக்கு விமானத்தின் பங்கே பெரிது என்பது என் எண்ணம். ஆனால் அது மக்களின் வயிற்றை நிரப்பியதால் வந்த பங்கு அல்ல. வானிலிருந்து போடப்படும் மூட்டை, "இந்த இடத்தில் எனக்கும் உரிமை உண்டு" என்று ஓர் அரசோ படையோ சொல்லும் வழி. மக்களுக்குச் சோறு போட்டது எப்போதும் துறைமுகமும் வீதியும்தான். பழைய விமானப்படையினர் விட்டுச்சென்ற நினைவுகளைக் கவனமாகப் படித்தால் இதற்குச் சான்று அவர்களிடமே இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரிலிருந்து தொடங்கலாம். ஜப்பான் பிடித்துவைத்திருந்த மலாயாவுக்குள் ஆள் அனுப்ப, பிரித்தானியரின் இரகசிய அமைப்பான போர்ஸ் 136 முதலில் நீர்மூழ்கிகளையே நம்பியது. ஜோன் டேவிஸ் 1943 மே மாதத்தில் ஒல்லாந்து நீர்மூழ்கி ஒன்றில் போய்ப் பேராக் கரையில் இறங்கினார். 1945இல் அந்த வேலையின் பெரும்பகுதி மின்னேரியா தளத்திலிருந்து பறந்த லிபரேட்டர் விமானங்களின் கைக்கு மாறியது. பிரித்தானிய விமானப்படையின் 160ஆவது, 357ஆவது அணிகள் அதில் ஈடுபட்டன. இலங்கையின் கிழக்குக் கரையிலிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர், முழுவதும் கடல். போய்த் திரும்ப இருபது மணி நேரம் வரை ஆகும். இத்தனை தூரத்துக்கு எரிபொருளே முதற் சுமை. குண்டறையில் மேலதிகத் தாங்கிகளைப் பொருத்திய பின் மிஞ்சிய இடத்தில்தான் சரக்கு உருளைகளும் பரசூட்டில் குதிக்கும் ஆட்களும். காட்டுக்குள் ஒரு சிறு வெட்டவெளி, அதில் மூட்டிய தீ, அதைக் கண்டுபிடிக்கக் கிடைக்கும் சில நிமிடங்கள். முகில் மூடியிருந்தால் சரக்கோடு திரும்ப வேண்டியதுதான். நீண்ட தூரம் பறந்த அக்காலத்து விமானப்படையினர் சொல்லியவற்றில் எதிரியைவிட எரிபொருள் முள்ளும் வானிலையுமே பெரிய பயமாக வருகின்றன. அப்படி இறக்கிய சரக்கில் முக்கியமானது ஆயுதமும் வானொலிக் கருவியும். அவை மலாயாவின் கம்யூனிஸ்டுகள் நடத்திய ஜப்பானிய எதிர்ப்புப் படைக்குப் போயின. அவற்றில் ஒரு பங்கு காட்டில் புதைக்கப்பட்டு, 1948இல் தொடங்கிய கிளர்ச்சியில் பிரித்தானியருக்கு எதிராகவே வெளியே வந்தது. சுமையின் எடை சிறிது. அது விழுந்த இடத்தில் யாருடைய கை ஓங்கும் என்பதை அது மாற்றியது.

1945 ஆகஸ்ட்டில் ஜப்பான் சரணடைந்ததும் அதே வகை விமானங்கள் வேறு வேலைக்கு அனுப்பப்பட்டன. சிறை முகாம்களின் மேல் முதலில் துண்டுப் பிரசுரம், பிறகு உணவும் மருந்தும். மாஸ்டிஃப் என்று பெயரிட்ட அந்த நடவடிக்கையைப் பல விமானப்படையினர் தங்கள் பணிக்காலத்தின் நிறைவான வேலையாக நினைவுகூர்ந்திருக்கிறார்கள். எலும்பும் தோலுமாக நின்ற கைதிகள் கீழிருந்து கையசைத்ததைச் சொல்கிறார்கள். அந்த நிறைவு நியாயமானது. ஆனால் சயாம்-பர்மா ரயில் பாதையில் கைதிகளோடு சேர்ந்து உழைத்த மலாயாத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் பல பத்தாயிரம் பேர். நோயாலும் பட்டினியாலும் அங்கே இறந்தவர்களில் ஆசியத் தொழிலாளரின் தொகை வெள்ளையரின் தொகையைவிடப் பல மடங்கு. மீட்புக்காக ஏற்படுத்திய அமைப்பின் பெயரிலோ நேச நாட்டுப் போர்க்கைதிகளும் தடுத்துவைக்கப்பட்டோரும் மட்டுமே இருந்தார்கள்; கூலித் தொழிலாளி அதில் இல்லை. வானிலிருந்து வரும் உதவி, அனுப்புகிறவர் தம்மவர் என்று யாரைக் கருதுகிறாரோ அவர் பெயருக்குத்தான் வரும். தமிழ் வாசகர் இந்த வரலாற்றைப் படிக்கும்போது இதைத் தாண்டிப் போகக்கூடாது.

தமிழரின் நினைவில் ஆழப் பதிந்த சரக்கு விமானங்கள் 1987 ஜூன் 4ஆம் தேதி வந்தவை. வடமராட்சியில் இலங்கைப் படையின் நடவடிக்கை மே கடைசியில் தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருள் போகும் வழி அடைபட்டிருந்தது. ஜூன் 3ஆம் தேதி இராமேஸ்வரத்திலிருந்து சுமார் இருபது படகுகள் 40 தொன்னுக்குச் சற்றுக் குறைவான நிவாரணத்தோடு புறப்பட்டன. இலங்கைக் கடற்படை மறித்தது, படகுகள் திரும்பின. மறுநாள் பெங்களூரிலிருந்து ஐந்து அன்ரனோவ்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு, யாழ்ப்பாணத்தின் மேல் வந்து சுமார் 25 தொன் உணவையும் மருந்தையும் பரசூட்டில் இறக்கின. 'பூமாலை' என்பது அந்த நடவடிக்கையின் பெயர். தொழிலறிந்தவர்களுக்கு அது பழகிய வேலை. விமானத்தின் பின்கதவைத் திறந்து, மேடை மேல் கட்டிய சரக்கை உருளைகளின் மீது நகர்த்தினால், விமானத்தோடு பிணைத்த கயிறு பரசூட்டை இழுத்துத் திறந்துவிடும். விமானிகளும் சரக்கை வெளியேற்றுவோரும் ஆக்ராவிலுள்ள பரசூட் பயிற்சிப் பள்ளியின் வழக்கப்படியே இதைச் செய்தார்கள். வழக்கத்துக்கு மாறாக இருந்தது ஒன்றுதான்: விமானத்துக்குள் உள்நாட்டு, வெளிநாட்டுச் செய்தியாளர்களும் ஏற்றப்பட்டிருந்தார்கள். மூட்டைகளை மக்கள் பார்க்க வேண்டும். மூட்டை போடுவதை உலகம் பார்க்க வேண்டும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். அன்று குடாநாட்டில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். 25 தொன்னைப் பங்கிட்டால் ஆளுக்கு 35 கிராமளவு, ஒரு பிடி அரிசி. மறித்துத் திருப்பப்பட்ட படகுகளில் இருந்த சரக்குகூட அந்த ஐந்து விமானங்களின் சரக்கைவிட அதிகம். பசியைத் தீர்ப்பதுதான் நோக்கம் என்றால் விமானம் அதற்குரிய கருவியல்ல என்பது டெல்லியில் திட்டம் போட்டவர்களுக்குத் தெரியாமலிருந்திருக்க முடியாது. உண்மையில் குடாநாட்டுக்குப் பெரிய அளவில் இந்திய நிவாரணம் சேர்ந்தது, இரண்டு அரசுகளும் உடன்பட்ட பின், அந்த மாதக் கடைசியில் காங்கேசன்துறைக்கு வந்த கப்பலில்தான். ஆனால் 25 தொன் செய்ததை எந்தக் கப்பலும் செய்திருக்க முடியாது. எட்டு வாரத்துக்குள், ஜூலை 29ஆம் தேதி, இந்திய-இலங்கை ஒப்பந்தம் கொழும்பில் கையெழுத்தானது. ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் அதோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலைத் துறைமுகத்தை எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் விடுவதில்லை என்ற உறுதி இருந்தது. சீனக்குடா எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைத்து நடத்துவது என்பதும் இருந்தது. சரக்கு விழுந்தது யாழ்ப்பாணத்தில். அதன் விளைவு எழுதப்பட்ட பத்திகளில் ஒன்று ஓர்ஸ் ஹில்லுக்கு எதிர்க்கரையைப் பற்றியது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வானிலிருந்து ஊட்டி ஒரு படையையே காப்பாற்ற முடியாதா? 1944இல் பர்மா எல்லையில் அது நடந்ததே? பெப்ரவரியில் அரக்கானில் சுற்றிவளைக்கப்பட்ட நிர்வாகத் தளத்துக்கு டக்கோட்டா விமானங்கள் 2,000 தொன்னுக்கு மேல் போட்டன. தளபதி ஸ்லிம்மின் ஆட்கள் பட்டுக்கும் பருத்திக்கும் பதிலாக வங்காளத்துச் சணலில் பரசூட் தைத்தார்கள். அதன் விலை வழக்கமான பரசூட்டில் சுமார் இருபதில் ஒரு பங்கு. அரிசி மூட்டைகளை இரட்டைச் சாக்கில் தளர்வாகக் கட்டி, பரசூட்டே இல்லாமல் தாழப் பறந்து தள்ளிவிட்டார்கள். கதவோரம் நின்று காலால் உந்தித் தள்ளியவர்களில் இந்திய இராணுவச் சேவைப் படையின் சிப்பாய்கள் ஏராளம். பெரிய சாதனைதான், நான் அதைக் குறைக்கவில்லை. ஆனால் அதன் எல்லையையும் அதே போர் காட்டியது. முற்றுகையிலிருந்த இம்பாலுக்கு ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஜூன் முடிய 18,000 தொன்னுக்கு மேல் போய்ச்சேர்ந்தபோது, அதில் பெரும்பங்கு போடப்பட்டதல்ல. ஓடுபாதைகள் கைவசம் இருந்ததால் விமானங்கள் தரையிறங்கி இறக்கின. காயப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பின. ஓடுபாதை இல்லாத கொஹிமாவில் மேலிருந்துதான் போட வேண்டியிருந்தது. காவற்படை ஒரு மேட்டுக்குள் ஒடுங்கியபோது தண்ணீரும் மருந்தும் மோட்டார் குண்டுகளும் ஜப்பானியர் பக்கம் போய் விழுந்தன. அதுமட்டுமல்ல, அங்கே ஊட்டப்பட்டது படை. எத்தனை பேர், எவ்வளவு பங்கு, எந்த இடம் என்று கணக்கிட்டுக் கட்டுப்படுத்தக்கூடிய கூட்டம் அது. கிழவர்களும் குழந்தைகளுமாக ஏழு லட்சம் பேர் பரந்து வாழும் குடாநாடு அப்படியல்ல. போர்முனைக்குப் பொருந்திய வெற்றியை மக்களுக்கான நிவாரணத்துக்கு அப்படியே அளவுகோலாக வைப்பது தவறு.

1990இலிருந்து வடக்கும் ஓடுபாதையின் அதே பாடத்தை மறுபடியும் கண்டது. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் முற்றுகையிடப்பட்ட சிப்பாய்களுக்கு இலங்கை விமானப்படை மேலிருந்து பொருள் போட்டது; செப்டெம்பர் கடைசியில் கோட்டை கைவிடப்பட்டது. பலாலியில் ஓடுபாதை தப்பியிருந்ததால் வடக்கின் படைமுகாம்கள் தப்பின. 1944இல் 160ஆவது அணியின் லிபரேட்டர்கள் நின்ற காங்கேசன்துறைத் தளந்தான் அந்தப் பலாலி. அந்த வழியிலும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய இரண்டே நாட்களில் இரண்டு அவ்ரோ விமானங்கள் பலாலிக்கருகில் ஏவுகணைக்கு இரையாகின. அவற்றை ஓட்டிய தலைமுறையின் நினைவு அச்சத்தால் ஆனது; அதை மதிக்க வேண்டும். குடாநாட்டு மக்களின் நினைவு வேறு. அவ்ரோவும் சீனத் தயாரிப்பான வை-12 விமானமும் சாமான் மட்டும் ஏற்றவில்லை. அவற்றிலிருந்து குண்டும் போடப்பட்டது. ஒரே விமான இரைச்சல் முகாமில் இருப்பவனுக்கு ரொட்டி, பதுங்குகுழியில் இருப்பவளுக்கு மரணம். இரண்டையும் எழுதாத வரலாறு பாதி வரலாறு.

இத்தனை காலமும் குடாநாட்டு மக்களுக்கு அரிசியும் மாவும் சீனியும் எங்கிருந்து போயின? ஏ-9 வீதி அடைபட்ட காலங்களில் பெரும்பாலும் கப்பலில்தான், திருகோணமலையிலிருந்தும் போயின. 2006 ஆகஸ்ட் 11ஆம் தேதி அந்த வீதி கடைசி முறையாக மூடப்பட்டபோதும் அப்படித்தான். பயணிகளும் இதே துறைமுகத்தில் காத்திருந்தே காங்கேசன்துறைக்குக் கப்பலேறினார்கள். அன்ரனோவ்-32 ஒன்று அதிகபட்சம் ஏற்றுவது ஏழு தொன்னுக்கும் குறைவு. ஒரு சிறு கரையோரக் கப்பல் ஏற்றும் 1,000 தொன்னை அது கொண்டுபோக வேண்டுமானால் சுமார் 150 தடவை பறக்க வேண்டும். ஒப்பந்தத்தின் பேரில் வந்த இந்தியப் படையும் இதற்கு ஒரு சான்று: 1987 ஜூலை 30இல் பலாலிக்கு விமானத்தில் வந்து இறங்கியது, 1990 மார்ச் 24இல் அதன் கடைசிப் பிரிவு திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிப் போனது. வேகமாக வந்து நிற்பதற்கு விமானம் வேண்டும். ஒரு கூட்டத்தைத் தொடர்ந்து தாங்குவதற்கும் முழுதாக எடுத்துச் செல்வதற்கும் கப்பல் வேண்டும்.

இன்னொரு மறுப்பு: முதியவர்களின் நினைவை நம்பி இவ்வளவு பேசலாமா? நினைவு தேதியைப் பிசகும், எண்ணைக் கூட்டும், உண்மைதான். ஆனால் அரச ஏட்டில் இத்தனை தொன் அனுப்பப்பட்டது என்று மட்டுமே இருக்கும். எத்தனை மூட்டை உடைந்தது, எது காற்றில் விலகிப் போனது, எரிபொருளுக்காக எதை இறக்கிவிட்டுக் கிளம்பினார்கள் என்பதை அங்கே நின்றவன்தான் சொல்வான். அனுப்பியதற்கும் போய்ச்சேர்ந்ததற்கும் உள்ள இடைவெளியே இந்தக் கட்டுரையின் வாதம். அந்த இடைவெளிக்குச் சாட்சி அவர்கள்தான். குறை வேறிடத்தில் இருக்கிறது. பதிவானவை பெரும்பாலும் விமானத்துக்குள் இருந்தவர்களின் குரல்கள். பிரித்தானிய விமானப்படையினரின் குரல்கள் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் ஒலிப்பதிவுகளில் பத்திரமாக இருக்கின்றன. சீனக்குடாவில் மூட்டை தூக்கியவர்கள், எண்ணெய்க் குதங்களில் வேலை பார்த்தவர்கள், துறைமுகத்தில் யாழ்ப்பாணத்துக்கான கப்பலில் சாமான் அடுக்கியவர்கள், யாழ்ப்பாணத்தில் அந்தப் பரசூட்டுகளைக் கண்டவர்கள் ஆகியோரின் குரல்களுக்கு அப்படி ஓர் இடம் இல்லை. 1987இல் இருபது வயதாக இருந்தவர்களுக்கு இன்று ஏறத்தாழ அறுபது வயது. திருமலை, கிண்ணியா, யாழ்ப்பாணம் ஆகிய ஊர்களின் பாடசாலை வரலாற்று ஆசிரியர்களும் நூலகத்தாரும் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் போக வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அந்த வேலைகளில் இருந்தார்கள்; மூவரிடமும் போக வேண்டும், இந்த ஆண்டே போக வேண்டும்.