சேர்வராயன் மலையின் முன்பனி

குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதுகளாகக் கூதிரையும் முன்பனியையும் வகுத்தது தொல்காப்பியம். சேலத்துக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் அவ்வரிசையை இன்றும் காணலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அது ஓய்ந்தபின் வறண்ட வாடை. மேகமற்ற மார்கழி இரவுகளில் நிலம் வெப்பத்தை இழக்க, குளிர்ந்த காற்று பள்ளங்களில் தேங்குகிறது, விடியலில் மூடுபனி.

மாறியது அப்பருவத்தின் பொருள். சாமையும் கேழ்வரகும் விளைவித்த மலையாளிப் பழங்குடியினரின் மலைக்கு, 1820களில் சேலம் கலெக்டர் எம். டி. காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். சமவெளி வெயிலுக்கு அஞ்சிய வெள்ளையர் தேடிவந்த குளிர், காப்பிக்கும் இசைந்தது. காடுகள் எஸ்டேட்டுகளாயின, முன்பனிக்காலம் காப்பிப்பழம் பறிக்கும் காலமாயிற்று.

சங்கத் தலைவி காத்திருந்த அதே பனிப்பொழுதில் இன்று கூலிப்பெண்கள் தோட்டத்துக்கு நடக்கிறார்கள். ஏற்காட்டுக் குளிரின் வரலாறு, காக்பர்னோடு இவர்களையும் சேர்த்தே எழுதப்பட வேண்டியது.