சர்ப்பகந்தா வேரும் இரத்த அழுத்தமும்

சர்ப்பகந்தா இந்தியக் காடுகளில் வளரும் ஒரு குறுஞ்செடி. பாம்புக்கடிக்கும் உறக்கமின்மைக்கும் பித்துக்கும் அதன் வேரை நாட்டு மருத்துவர் நெடுங்காலம் கொடுத்து வந்தனர். மேனாட்டுத் தாவர நூலார் இச்செடியினத்துக்கு ரவுவொல்ஃப் என்னும் 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவரின் பெயரைச் சூட்டினர். அவரோ இந்திய மண்ணை மிதித்தவரே அல்லர்.

1945இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். அவருடைய இரத்த அழுத்தம் வெகுவாக ஏறியிருந்ததை மருத்துவர் அறிவர். அதை இறக்கத் தக்க மருந்துதான் அவர்களிடம் இல்லை. ஓய்வு, உப்புக் குறைப்பு, நரம்பை அறுக்கும் சிகிச்சை ஆகியவையே அன்றைய வழிகள். நோயாளிக்குச் சோறும் பழமுமே கொடுக்கும் முறை ஒன்றும் அந்நாட்டில் கையாளப்பட்டது. சோறு மருந்தான கதை தமிழர்க்கு வியப்பளிக்கலாம்!

ஆயின் 14 ஆண்டுகளுக்கு முன்பே, 1931இல், கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் சர்ப்பகந்தா வேர் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் என்று எழுதி வெளியிட்டிருந்தனர். அதே ஆண்டில் தில்லி திப்பியா கல்லூரியைச் சேர்ந்த சலீமுஸ்ஸமான் சித்திகி அவ்வேரிலிருந்து பளிங்குருவான பொருள்களைப் பிரித்தெடுத்தார். ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல்கான் நினைவாக அஜ்மலீன் எனப் பெயரிட்டார். வேரின் சத்து கைக்கு வந்துவிட்டதென்றே தோன்றியது. வரவில்லை. அழுத்தத்தைத் தணிக்கும் முதன்மையான பொருள் அப்பளிங்குகளில் இல்லை. எஞ்சிய பிசினில் கிடந்தது.

1949இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 நோயாளிகளுக்கு இவ்வேரைக் கொடுத்துக் கண்ட பயனைப் பிரிட்டிஷ் இருதய மருத்துவ இதழில் வெளியிட்டார். செய்தி பிறநாட்டாரை எட்டியது அப்போதுதான். பாஸ்டனில் வில்கின்ஸ் அதைச் சோதித்தார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் பிசினைத் துருவி ரெசர்ப்பீனைக் கண்டெடுத்தனர். வக்கீலுக்கு 1957இல் லாஸ்கர் பரிசு கிடைத்தது. சென், போஸ் எழுதியது கவனிக்கப்படாமல் 18 ஆண்டுகள் கழிந்தமைக்கு அறிவுக்குறை காரணமன்று. கல்கத்தா ஏடுகளை மேனாட்டார் புரட்டுவது அரிது என்பதே பெருங்காரணம் எனலாம். ரெசர்ப்பீன் பின்னர்ச் செல்வாக்கிழந்தது. உண்டவருள் சிலரை ஆழ்ந்த மனச்சோர்வு பற்றியதும், வேறு நல்ல மருந்துகள் வந்ததும் அதற்குக் காரணங்கள்.

நுரையீரல் நாளங்களில் மட்டும் ஏறும் அழுத்தம் வேறு வகை நோய். கையில் பட்டை சுற்றி அளக்கும் கருவிக்கு அது புலப்படாது. அதற்கென முதல் மருந்தாகிய இப்போப்ரொஸ்டினால் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1995இல்தான். 2001இல் வந்த போசென்டான், இரத்த நாளங்களைச் சுருக்கும் என்டோதீலின் என்னும் பொருளைத் தடுப்பது. 1988இல் ஜப்பானியர் கண்டறிந்த அந்த என்டோதீலினின் அமைப்பு, மண்ணுக்குள் வாழும் ஒருவகைப் பாம்பின் நஞ்சை ஒத்திருக்கிறது.