சிறு தொழிலும் சர்க்கார் கொள்முதலும்



நாட்டிலேயே மிகப் பெரிய வாடிக்கைக்காரர் யார் என்று கேட்டால், செல்வம் மிக்க வணிகர் ஒருவரின் பெயரை நீங்கள் சொல்லக்கூடும். உண்மையில் அந்த இடம் அரசாங்கத்துக்கே உரியது. பள்ளிக்கூடத்துப் பெஞ்சு, ஆஸ்பத்திரிப் போர்வை, காவலர் சீருடை, ரெயில்வேக்கு வேண்டிய திருகாணி, அலுவலகக் காகிதம் ஆகிய யாவும் பொதுப்பணத்தில் வாங்கப்படுகின்றன. அந்தப் பணம் யார் கைக்குப் போய்ச் சேருகிறதோ, அவர் தொழில் தழைக்கிறது. மற்றவர் தொழில் வாடுகிறது. இந்த உண்மையைத் திருநெல்வேலிச் சீமையின் சரித்திரத்தைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்கு வடக்கே தூத்துக்குடித் துறைமுகம் இருக்கிறது. 1986 வரை அது திருநெல்வேலி ஜில்லாவிலேயே அடங்கியிருந்தது. அங்கே வக்கீலாக இருந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். ஆக 40,000 பங்குகள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டது அந்தச் சங்கம். எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. கட்டணப் போட்டி மூண்டது. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய்க்கு இறங்கியது. பின்னர் வெள்ளையர் கம்பெனி இலவசமாகவே ஏற்றிச் செல்ல முன்வந்து, பயணிகளுக்குக் குடையும் கொடுத்தது என்பர். 1908 மார்ச்சு மாதத்தில் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911-இல் சங்கம் கலைக்கப்பட்டது.

இந்த வரலாற்றை நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதிகம் பேசப்படாத ஒரு செய்தியை அதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு பெரிய கம்பெனி எப்படி முளைத்தது? 1856-இல் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே தபால் மூட்டைகளை ஏற்றிச் செல்லும் ஒப்பந்தத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அரசாங்கத்திடமிருந்து பெறுவதற்காகத் தொடங்கப்பட்ட சிறிய நிறுவனந்தான் அது. 1862-இல் பெயர் மாற்றம் பெற்று, மேலும் பல தபால் ஒப்பந்தங்களைப் பெற்று, கடற்கரை எங்கும் பரவிற்று. அதாவது, நம் சுதேசிக் கம்பெனியை நசுக்கிய அந்தப் பூதம், ஒரு காலத்தில் சர்க்கார் ஒப்பந்தம் என்னும் பாலைக் குடித்து வளர்ந்த குழந்தை. சிதம்பரனாருக்கோ அரசாங்கம் வாடிக்கைக்காரராக வரவில்லை. போலீசாகவும் நீதிமன்றமாகவுமே வந்தது.

அக்காலத்தில் இந்திய அரசாங்கத்துக்கு வேண்டிய எந்திரங்களும் இரும்புச் சாமான்களும் பெரும்பாலும் லண்டனில் வாங்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் ஆல்பிரெட் சாட்டர்டன் என்னும் ஆங்கில அதிகாரி அலுமினியப் பாத்திரத் தொழிலையும் கைத்தறியில் சீர்திருத்தத்தையும் சர்க்கார் ஆதரவோடு வளர்க்க முயன்றபோது, லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி பிரபு 1910-இல் அதற்குத் தடை விதித்தார். தனியார் தொழிலில் அரசாங்கம் தலையிடலாகாது என்பது அவர் கட்சி. முதல் உலகப் போர் வந்து கடல்வழி அடைபட்ட பிறகே கண் திறந்தது. 1916 முதல் 1918 வரை அமர்ந்த கைத்தொழில் கமிஷன், வேண்டிய பொருள்களை இந்தியாவிலேயே வாங்க ஓர் இலாகா வேண்டும் என்றது. 1922-இல் அந்த இலாகா பிறந்தது. ஆயினும் அதன் கதவு பெரிய ஆலைகளுக்கே எளிதில் திறந்தது. பட்டறைக்காரனும் நெசவாளியும் வெளியே நின்றார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறத் தொடங்கிற்று. 1955 பிப்ரவரியில் தேசியச் சிறுதொழில் கழகம் நிறுவப்பட்டது. சிறு தொழிற்கூடங்களைப் பதிவு செய்து, சர்க்கார் ஆர்டர்களை அவற்றுக்குப் பெற்றுத் தருவது அதன் முதல் வேலைகளுள் ஒன்று. அமெரிக்காவிலும் இதே நோக்கத்துடன் 1953-இல் சிறுதொழில் சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருந்தது. முதலாளித்துவ நாடு என்று பெயர் பெற்ற அமெரிக்காவே, சிறியவனைத் தனியே விட்டால் அவனுக்குச் சந்தையில் இடம் கிடைக்காது என்று உணர்ந்தது கவனிக்கத் தக்கது.

சிறியவனைத் தடுத்து நிறுத்துவது எது? நம் பள்ளத்தாக்கிலேயே ஓர் உதாரணம் பார்ப்போம். பத்தமடையில் கோரையைக் கீறி, ஆற்று நீரில் ஊறவைத்து, உலர்த்தி, பருத்தி நூலைப் பாவாக இட்டுப் பாய் நெய்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. ஒரு விடுதிக்குப் பாய் வேண்டும் என்று டெண்டர் கோரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அறிவிப்பில் “பாய்” என்று மட்டும் இருந்தால், குறைந்த விலை சொல்லும் பிளாஸ்டிக் பாய் வெற்றி பெறும். “கையால் நெய்த கோரைப் பாய்” என்று இருந்தால் பத்தமடைப் பெண்மணியும் போட்டியில் நிற்கலாம். சில சொற்களில் ஒரு தெருவின் பிழைப்பு அடங்கியிருக்கிறது. அடுத்து, முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். மூன்றாண்டு அனுபவம் காட்ட வேண்டும். பெரிய விற்றுமுதல் காட்ட வேண்டும். ஆர்டர் கிடைத்தால்தான் அனுபவம் வரும். அனுபவம் இருந்தால்தான் ஆர்டர் வரும் என்றால், புதியவன் எங்கே போவான்?

இந்தத் தடைகளைத் தாண்ட மக்கள் கண்ட வழிகளுள் சிறந்தது கூட்டுறவு. 1935-இல் சென்னை மாகாணத்தில் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுத் தலைமைச் சங்கம் ஏற்பட்டது. அதுவே இன்றைய கோ-ஆப்டெக்ஸ். வீரவநல்லூர் போன்ற ஊர்களில் நெசவாளி தனியாக இருந்தால், ஆயிரம் கஜம் துணிக்கான ஆர்டரை நினைத்தும் பார்க்க முடியாது. சங்கம் நூல் வாங்கித் தருகிறது. நெய்த துணியைப் பெற்றுக்கொண்டு கூலி தருகிறது. வாங்குகிறவர் பணம் தரும்வரை காத்திருக்கும் சுமையைத் தான் ஏற்கிறது. 1983-இல் தமிழக அரசு இலவச வேட்டி சேலைத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஏழைக்கு உடையும் நெசவாளிக்கு வேலையும் ஒருங்கே கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். காலப்போக்கில் அந்த ஆர்டர் விசைத்தறிச் சங்கங்களுக்கும் சென்றது. பொங்கலுக்குள் கோடிக்கணக்கில் உடை வேண்டும் என்றால் வேகமான தறியின் பக்கம் கை நீளுவது இயல்பே. ஆர்டரின் அளவும் கெடுவும் யாருக்குச் சாதகமாக அமைகின்றன என்பதையும் யோசிக்க வேண்டும் என்று இதனால் அறிகிறோம்.

2012-இல் மத்திய அரசு ஒரு கொள்முதல் ஆணை பிறப்பித்தது. மத்திய இலாகாக்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் குறைந்தது 20 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்றது. 2018-இல் அது 25 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதற்குள் 4 சதவீதம் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் நடத்தும் தொழில்களுக்கு. 3 சதவீதம் பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு. டெண்டர் படிவம் இலவசம். முன்வைப்புத் தொகையும் இல்லை. மகேந்திரகிரியின் விண்வெளி மையத்துக்கும் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கும் இந்த விதி பொருந்தும். ஆகவே, பேட்டைத் தொழிற்பேட்டையில் கடைசல் எந்திரம் ஓட்டும் இளைஞனுக்கும் அங்கே வழி உண்டு.

“பொதுப்பணத்தைச் சலுகைக்குச் செலவிடலாமா?” என்று சிலர் கேட்பர். கேட்க வேண்டிய கேள்விதான். பெரிய கம்பெனி சொன்ன மிகக் குறைந்த விலை 100 ரூபாய் என்று கொள்வோம். சிறு தொழிலார் 115 ரூபாய்க்குள் விலை சொல்லியிருந்து, பிறகு 100 ரூபாய்க்கே தர இசைந்தால், தேவையில் கால் பங்கையாவது அவருக்குத் தர வேண்டும் என்பதே விதி. கஜானாவுக்கு ஒரு காசும் நஷ்டம் இல்லை. தலைமுறை தலைமுறையாக நிலமும் முதலும் வணிகர் பழக்கமும் மறுக்கப்பட்டவர்களுக்குத் தனிப் பங்கு ஒதுக்குவதும் நியாயமே. ஆனால் பெரியவர்கள் ஏழையின் பெயரில் ஒளிந்துகொண்டு அந்தப் பங்கைக் கவராமல் காக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் சிறு தொழில் எங்கே முறிகிறது தெரியுமா? பில் பணம் தாமதமாகும் இடத்தில். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பட்டறைக்காரர் லட்ச ரூபாய்க்குப் பெஞ்சு செய்து தருகிறார். மரத்துக்கும் கூலிக்கும் 90,000 ரூபாய் கடன். வட்டி நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். லாபம் 10,000 ரூபாய். பணம் 45 நாளில் வந்தால் வட்டி 2,700 ரூபாய். அவர் கையில் 7,300 ரூபாய் நிற்கும். ஆறு மாதம் கழித்து வந்தால் வட்டி 10,800 ரூபாய். லாபம் முழுதும் போய், 800 ரூபாய் நஷ்டம். ஆர்டர் பெற்றதே அவருக்குத் தீங்காய் முடிகிறது.

2006-ஆம் ஆண்டுச் சட்டம் இதை உணர்ந்தே இயற்றப்பட்டது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தலாகாது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வட்டி வீதத்தைப் போல் மும்மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூடும் வட்டி தர வேண்டும். முறையிட ஒரு மன்றமும் உண்டு. ஆயினும் முறையிட்டவனுக்கு அடுத்த ஆர்டர் கிடைக்குமா என்னும் அச்சம் பலருடைய வாயை அடைத்துவிடுகிறது. அந்த அச்சத்தைப் போக்க வல்லது சங்கமே என்பது என் கருத்து. தனி மனிதன் கேட்டால் மனு. நூறு பேர் சேர்ந்து கேட்டால் உரிமை.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை தொழில் தொடங்குவீர்கள். கட்டணமின்றித் தொழிலைப் பதிவு செய்யலாம் என்பதை மறவாதீர்கள். சங்கத்தில் சேரத் தயங்காதீர்கள். வேறு சிலர் அலுவலகங்களில் அமர்வீர்கள். அப்போது டெண்டரில் நீங்கள் எழுதும் ஒரு சொல்லும், மேஜைமேல் நீங்கள் தேங்கவிடும் ஒரு பில்லும், எங்கோ ஒரு வீட்டில் அடுப்பு எரிவதா அணைவதா என்பதைத் தீர்மானிக்கும். தபால் மூட்டை ஒன்றைக் கொடுத்து ஒரு கம்பெனியைக் கடலாளும்படி செய்தது பழைய அரசாங்கம். நம்முடைய அரசாங்கத்தின் ஆர்டர் யாரை வளர்க்க வேண்டும் என்பதை நாம்தாம் முடிவு செய்ய வேண்டும்.