அந்நிய ஆசிரியரும் ஆழிப் பேரலையும்

பேரழிவுகளின் வரலாறு பெரும்பாலும் எண்களாலேயே எழுதப்படுகிறது. நிலநடுக்கத்தின் அளவு, அலையின் உயரம், மாண்டோர் தொகை என்பன ஏடுகளில் இடம்பெறுகின்றன. அழிவின் மறுநாள் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், யார் யாருடன் நின்றனர், யார் புறத்தே நிறுத்தப்பட்டனர் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. சமுதாயத்தின் இயல்பை அறிய விழைவோர்க்கோ இவையே முதன்மையானவை. யப்பானில் 2011ஆம் ஆண்டு நிகழ்ந்த பேரழிவினிடையே வாழ்ந்த பிறநாட்டு ஆங்கில ஆசிரியரின் நிலையை இந்நோக்கில் ஆராய்தல் பயனுடையது.

இவ்வாசிரியர் யப்பானியப் பாடசாலைக்கு வந்தமை தற்செயலன்று. அமெரிக்காவுடன் வணிகப் பூசல் முற்றியிருந்த காலத்தில், தன் நாடு உலகுக்குக் கதவு திறக்கிறது எனக் காட்ட விரும்பிய யப்பானிய அரசு, 1987இல் ‘ஜெட்’ எனப்படும் திட்டத்தைத் தொடங்கியது. முதலாண்டில் நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் வந்தனர். இவர்களுட் பெரும்பாலார் இளம் பட்டதாரிகள். ஓராண்டு ஒப்பந்தம், யப்பானிய ஆசிரியருக்குத் துணைநிற்கும் பணி. ஊரார் அன்பு பாராட்டினும், ‘கைஜின்’, அதாவது வெளியார், என்னும் பெயர் நீங்குவதில்லை.

2011 மார்ச் 11ஆம் திகதி பிற்பகல் 2.46 மணிக்கு 9.0 அளவுடைய நிலநடுக்கமும், தொடர்ந்து ஆழிப் பேரலையும் வடகிழக்குக் கரையைத் தாக்கின. ஏறத்தாழ 15,900 பேர் மாண்டனர்; 2,500 பேருக்கு மேற்பட்டோர் இன்னும் காணாமற்போனோர் பட்டியலிலேயே உள்ளனர்.

அன்று முதல் பாடசாலை பாடசாலையாக இருக்கவில்லை. உடற்பயிற்சி மண்டபங்களில் குடும்பங்கள் பாய் விரித்தன. மின்சாரமில்லை, குழாயில் நீரில்லை. ஆசிரியர்கள் முகாம் முகாமாகச் சென்று மாணவரின் பெயர்களைத் திரட்டினர். 2004இன் பேரலைக்குப் பின் நம் பாடசாலைகள் பட்ட பாட்டைக் கண்ட நமக்கு இக்காட்சி புதிதன்று. இந்நிலையில், பாடநூலை உரக்க வாசிப்பதற்கென அமர்த்தப்பட்ட அந்நியர் என்ன செய்வார்? பலர் நீர் சுமந்தனர், சேறு அள்ளினர், சிறுவரோடு விளையாடினர். ஏப்பிரில் முற்பகுதியில் தொடங்கவேண்டிய கல்வியாண்டு பல ஊர்களில் மாதக் கடைசிக்குத் தள்ளிப்போயிற்று. வகுப்புகள் மீண்டபோது விளையாட்டு மைதானங்கள் பலவற்றில் தற்காலிகக் குடியிருப்புகள் எழுந்தன. ஏப்பிரில் 7இல் ஏற்பட்டது போன்ற வலிய பின்னதிர்வுகள் மக்களை மீண்டும் நடுங்கவைத்தன. வீடிழந்த பிள்ளைக்கு ‘என் வீடு’, ‘என் குடும்பம்’ என்னும் எளிய ஆங்கிலப் பாடமும் கொடிதாகும் என்பதை எந்தப் பயிற்சி நூலும் அவ்வாசிரியருக்குச் சொல்லியிருக்கவில்லை.

புக்குஷிமா அணு உலைகளின் சேதம் வேறொரு வேற்றுமையை வெளிப்படுத்தியது. யப்பானிய அரசு 20 கிலோமீற்றர் எல்லைக்குள் வாழ்ந்தோரை வெளியேற்றியது. அமெரிக்க அரசோ 80 கிலோமீற்றருக்குள் இருந்த தன் குடிகளை வெளியேறுமாறு அறிவுறுத்தியது. அணு உலைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றரில் இவாக்கி நகர் உள்ளது. அங்கே ஒரே ஆசிரியர் அறையில் அருகருகே அமரும் இருவரில், ஒருவர் போகவேண்டியவர், மற்றவர் இருக்கவேண்டியவர். காற்று இருவருக்கும் ஒன்றுதான். கடவுச்சீட்டே வேறு. சென்றவரைக் கோழையென இகழ்தல் நியாயமன்று. செல்லும் வசதி எல்லார்க்கும் ஒப்ப வழங்கப்படவில்லை என்பதையே நாம் கருதவேண்டும்.

அமெரிக்கத் துணை ஆசிரியர் இருவர் திரும்பவேயில்லை. அவருள் ஒருவர் இஷினோமாக்கி நகரில் கற்பித்த இளம் பெண். நிலம் அதிர்ந்தபின், பிள்ளைகள் பெற்றோரிடம் சேரும்வரை பாடசாலையில் நின்று, பின்னர் துவிச்சக்கரவண்டியில் வீடு நோக்கிச் சென்றவரை அலை கொண்டுபோயிற்று. அவருடைய பெற்றோர் அந்நகரப் பாடசாலைகளுக்கு ஆங்கில நூல்களை வழங்கினர். அந்நூல்களுக்கான அலுமாரிகளைச் செய்தவர், தம் மூன்று குழந்தைகளையும் அதே அலையில் இழந்த தச்சர் ஒருவர். கைஜின் என்னும் சொல்லுக்கு அவ்விடத்தில் என்ன பொருள் எஞ்சும்?

ஆயினும் வெளியார் யாவரும் ஒரே தரத்தினரல்லர். ஓனகாவா என்னும் துறைமுகத்தில், மீன் பதனிடும் ஆலைகளில் சீனத் தொழிலாளர் பலர் வேலைசெய்தனர். ‘பயிற்சி பெறுவோர்’ என்ற பெயரில், குறைந்த கூலிக்கு, ஒரே முதலாளியோடு பிணைக்கப்பட்டவர்கள் இவர்கள். அவருள் இருபதுபேரை மேட்டுக்கு அழைத்துச்சென்று காத்த யப்பானிய நிருவாகி ஒருவர், மீண்டும் கீழிறங்கி உயிர்நீத்தார். அத்தனிமனிதரின் அறம் போற்றத்தக்கது. அத்தொழிலாளரைப் பிணைத்த ஏற்பாட்டை அது நியாயப்படுத்தாது.

இன்னும் பின்னோக்கினால் 1923 செப்தெம்பர் 1இன் தோக்கியோ நிலநடுக்கம் தோன்றும். கொரியர் கிணறுகளில் நஞ்சிட்டனர் என்ற வதந்தி பரவியது. கொரியத் தொழிலாளர் பல்லாயிரவர் கொல்லப்பட்டனர். காவற்குழுவினர் வழிப்போக்கரை நிறுத்தி, ‘பதினைந்து யென் ஐம்பது சென்’ என யப்பானிய மொழியிற் சொல்லப் பணித்தனர். உச்சரிப்புத் தவறியோருக்கு உயிர் தவறியது. கொரியா அன்று யப்பானின் குடியேற்ற நாடு. அம்மக்கள் மலிந்த கூலிகள். ஆண்டான் அடிமை உறவு நிலவிய இடத்தில் நிலநடுக்கம் கொலைக்களமாயிற்று.

நிலம் நடுங்குவது இயற்கை. அதன்பின் அயலவனைக் கொல்வதும் அணைப்பதும் மனிதர் ஆக்கிய உறவுகளைப் பொறுத்தவை. 1923இல் உச்சரிப்பைச் சோதித்து உயிர் பறித்த நாட்டில், 2011இல் உச்சரிப்புக் கற்பிக்க வந்தவர் ஊராரோடு சேறு அள்ளினார். இது வளர்ச்சியே. ஆனால் ஆங்கிலம் பேசும் வெளியாருக்குக் கிட்டிய மதிப்பு ஆலைத் தொழிலாளிக்கும் கிட்டும்வரை அவ்வளர்ச்சி முழுமையடையாது. மொழி கற்பிப்போராகிய நாம் இதனை மாணவர்க்கு எடுத்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.