மடிக்கணினி ஓவர்கிளாக்கிங்

செய்த நிறுவனம் குறித்த வேகத்துக்கு மேலே செயலியை ஓட்டுவதே ஓவர்கிளாக்கிங். இன்று மென்பொருளால் செய்கிறார்கள். கம்பியும் படிகமும் கொண்டு செய்த காலமும் இருந்தது.

தொடக்கம் மேசைக்கணினியில்தான். 1984இல் வந்த ஐபிஎம் ஏடி 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதற்குத் துடிப்பளித்த 12 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகத்தைக் கழற்றி 16 மெகாஹெர்ட்ஸ் படிகம் செருகினால் வேகம் 8 ஆனது. ஐபிஎம்முக்கு இது பிடிக்கவில்லை. பின்னர் வந்த பயாஸ் என்ற தொடக்க மென்பொருள், வேகம் கூடியிருந்தால் கணினியைத் தொடங்கவே மறுத்தது. 1998இல் இன்டெலின் செலரான் 300ஏ செயலி, பஸ் (செயலியைப் பிற பாகங்களுடன் இணைக்கும் தடம்) வேகத்தை 66இலிருந்து 100 ஆக்கியதும் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடிப் புகழ்பெற்றது.

பென்டியம் எம் செயலியின் காலத்தில் மடிக்கணினியிலும் இந்த வித்தையைச் செய்தார்கள். எந்தப் பஸ் வேகம் வேண்டும் என்பதைச் செயலியே பிஎஸ்இஎல் என்ற முனைகளின் வழியே தாய்ப்பலகைக்குச் சொல்லும். அந்த முனைகளுக்கான சாக்கெட் துளைகளில் மெல்லிய செப்பு இழையை வைத்து இணைத்தால் பலகை ஏமாந்தது. 100க்குப் பதில் 133 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தது. பஸ் வேகத்தை 16ஆல் பெருக்கி ஓடும் 1.6 கிகாஹெர்ட்ஸ் செயலி 2.13இல் ஓடியது. இழை பிசகினால் செயலியோ பலகையோ போகும். பிறகு பலகையின் கடிகாரச் சிப்பின் வேகத்தை மென்பொருளாலேயே மாற்றும் செட்எஃப்எஸ்பி என்ற நிரல் வந்தது. சில பலகைகளில் டிஎம்இ என்ற கால் அதையும் பூட்டியிருந்ததால், மீண்டும் பற்றவைப்புக் கோலை எடுக்க நேர்ந்தது. 2011இன் சாண்டி பிரிட்ஜ் செயலி வரிசை இந்த வழிகளுக்கு ஏறக்குறைய முற்றுப்புள்ளி வைத்தது: அடிப்படைத் துடிப்பு ஒன்றே பல பாகங்களையும் இயக்கியதால், அதைச் சற்றுக் கூட்டினாலே வட்டு இணைப்பும் தடுமாறியது.

வெப்பமே உண்மையான எல்லை. செயலி விழுங்கும் மின்திறன் வேகத்தின் விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்திலும் கூடும். வேகம் 33 வீதமும் அழுத்தம் 10 வீதமும் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 60 வீதம் ஏறும். அறை வெப்பம் ஒரு பாகை கூடினால் சிப்பும் ஏறத்தாழ ஒரு பாகை கூடும். ஆகவே வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் குளிரூட்டிய அறை இல்லாமல் ஓவர்கிளாக்கிங் செய்வது வீண். கடற்காற்றின் உப்பும் ஈரமும் திறந்து வைத்த பலகையின் செம்பை அரிக்கும்.

பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் விசிறியைத் துடைத்து, காய்ந்த வெப்பப் பசையை மாற்றி, சுழல்வட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி போடுங்கள். அன்றாட வேலையில் கம்பி வித்தையைவிட இதுவே வேகம் தரும். ஐடிஇ என்ற பழைய வகை வட்டு இணைப்புள்ள கணினி என்றால் அதற்கான அடாப்டரையும் சேர்த்து வாங்குங்கள்.