டான்ஸ்போர்க் கோட்டையும் ஒரு விதவையின் வழக்கும்

தியானப் பகுதி: லூக்கா 18:1–8, யாக்கோபு 1:27





கோடை விடுமுறை வந்தால் நம் சபையாரில் பலர் குடும்பமாகவும், வாலிபர் கூட்டமாகவும் தரங்கம்பாடிக்குச் சென்று வருகிறீர்கள். மலையும் வறண்ட மேட்டு நிலமும் சூழ்ந்த தருமபுரியிலிருந்து புறப்பட்டு, சேலம், ஆத்தூர், விருத்தாசலம், சிதம்பரம் என்று கிழக்கே இறங்கிப்போனால் கடல் வருகிறது. போகிறவர்கள் முதலில் புதிய எருசலேம் ஆலயத்தைப் பார்க்கிறார்கள். சீகன்பால்கு ஐயரின் கல்லறையருகே நின்று ஜெபிக்கிறார்கள். கடற்கரையில் அவர் வந்திறங்கியதன் நினைவுச்சின்னத்தைக் காண்கிறார்கள். கோட்டைக்கு வரும்போது வெயில் ஏறிவிடுகிறது. அதன் முன்னே ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு வண்டி ஏறிவிடுகிறார்கள்.

இம்முறை செல்லுகிறவர்கள் அந்தக் கோட்டைக்கு முதலிடம் கொடுங்கள். தமிழில் புதிய ஏற்பாட்டை நமக்குத் தந்த மனிதர் நான்கு மாதம் கைதியாக இருந்த இடம் அது. அவர் எதற்காகக் கைதியானார் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை. அந்தக் காரணத்தைக் குறித்தே இவ்வாரம் உங்களோடு தியானிக்க விரும்புகிறேன்.

மேல்தளமும் கீழ்த்தளமும்

1620-ஆம் ஆண்டு, தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு, டென்மார்க்கிலிருந்து வந்த கடற்படைத் தலைவர் ஓவே கெட்டி இந்தக் கடற்கரையில் வணிகத்திற்கு இடம் பெற்றார். மிளகும் பிற சரக்குகளுமே அவர்களுடைய நாட்டம். அந்த வணிகத்தைக் காக்க எழும்பியதே டான்ஸ்போர்க் கோட்டை. ஏறக்குறைய 225 ஆண்டுகள் அவர்களிடம் இருந்த தரங்கம்பாடியை, 1845-இல் வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இன்று அந்தக் கோட்டை தமிழ்நாடு தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் கட்டட அமைப்பைக் கவனியுங்கள். கடலை நோக்கிய மேல்தளத்தில் ஆளுநரும் குருமாரும் தங்கினார்கள். கீழ்த்தளத்தில் பண்டகசாலையும் படைவீரரின் இடமும் சிறையும் இருந்தன. ஆளுகிறவரும் அவருக்காக ஜெபிக்கிறவரும் மேலே காற்றோட்டமான அறைகளில். சரக்கும் கைதியும் கீழே. கட்டினவர்கள் வசதி கருதியே அப்படிக் கட்டியிருப்பார்கள். ஆயினும் விசுவாசக் கண்ணோடு பார்க்கிறவனுக்கு அந்தச் சுவர்கள் ஒரு கேள்வியை எழுப்பாமல் விடுவதில்லை: திருச்சபை எந்தத் தளத்தில் குடியிருக்கிறது?

சிறைவாசத்தின் காரணம்

பர்த்தலேமேயு சீகன்பால்கு ஜெர்மனியில் புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682-இல் பிறந்தவர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்ப, உடன் ஊழியர் புளூட்சோவுடன் 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியை வந்தடைந்தார். அனுப்பியவர் அரசர்; ஆனால் ஊரை நடத்தியது வணிகக் கம்பெனி. கம்பெனியின் தலைவராக இங்கிருந்த ஹாசியஸ் இந்த ஊழியர்களை விரும்பவில்லை. ஆதாயம் தேடி வந்த இடத்தில், உள்ளூர் மக்களோடு தரையில் அமர்ந்து தமிழ் கற்கிறவர்கள் அவருக்கு இடையூறாகத் தோன்றினார்கள். 1707 மே 12-இல் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் டேனியர் வீடுகளில் அடிமைகளாயிருந்தவர்கள். எசமானர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சீகன்பால்கு மொழியை ஆவலோடு கற்றார். பனையோலைச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். நம் தகடூர் மண் நினைக்கும் ஔவையின் பெயரால் பிற்காலத்தில் வழங்கிய கொன்றைவேந்தனையும், நீதிவெண்பா, உலகநீதி ஆகியவற்றையும் 1708-இலேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அதே ஆண்டு அக்டோபர் 17-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். ஒரு மாதம் கடந்தது. நவம்பரில் கோட்டைக்குள் அடைக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 26.

சுவிசேஷம் சொன்னதற்காகவே அவர் சிறைப்பட்டார் என்று நாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நடந்தது ஒரு விதவையின் கடன் வழக்கு. அவள் நாவிதர் ஒருவரின் மனைவியாயிருந்தவள். மறைந்த அவள் கணவருக்கும், கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய ஒருவருக்கும் இடையே கடன் தகராறு இருந்தது. அவள் தரப்பைச் சொல்ல எவருமில்லை. மற்றவருக்கோ ஆளுகிறவர்களோடு தினமும் பேசும் வாய்ப்பு இருந்தது. ஹாசியஸ் அவர் பக்கமே தீர்ப்பளித்தார். சீகன்பால்கு அந்தப் பெண்ணுக்காகப் பரிந்து பேசினார்; ஒருமுறையல்ல, மீண்டும் மீண்டும் பேசினார். இறுதியில், டேனியர் ஆலயத்தில் தலைவரின் முன்னே முழங்காற்படியிட்டு நியாயம் கேட்கும்படி அவளுக்கு ஆலோசனை சொன்னார். தலைவர் வெகுண்டு அவரை அழைத்துவர ஆளனுப்பினார். எழுத்துமூலமான அழைப்பு வேண்டும் என்று சீகன்பால்கு கேட்டார். அதன்பேரில் கைது செய்யப்பட்டார். விசாரணையில் பதில் சொல்ல மறுத்ததால் சிறையில் வைக்கப்பட்டார்.

எதிர்த்தரப்பில் இருந்தவர் கத்தோலிக்க சபையைச் சேர்ந்தவர். ஆகையால் இதைச் சிலர் சபைப் பிரிவுகளின் பூசலாகவே கூறுவதுண்டு. நம் மாவட்டத்தில் கத்தோலிக்க அன்பர்களோடு ஒரே தெருவில், ஒரே துக்கத்திலும் மகிழ்ச்சியிலும் வாழுகிற நாம் அப்படி வாசிக்க வேண்டியதில்லை. வலியவனுக்கு ஒரு செவியும் எளியவளுக்கு ஒரு செவியும் வைத்திருக்கும் நீதிமன்றம் எந்தச் சபையாரின் கையிலும் உருவாகக்கூடும். இங்கே தீர்ப்புச் சொன்னவர் புரொட்டஸ்டண்டு ஆலயத்தில் ஆராதித்தவர்தாம்.

ஊழியர் வழக்கில் தலையிடலாமா?

இக்கேள்வி நம் சபைகளிலும் எழுவதுண்டு. ஐயர் ஜெபிக்கட்டும், பிரசங்கிக்கட்டும். கடன், பத்திரம், காவல் நிலையம் இவற்றில் அவருக்கு என்ன வேலை என்று நல்ல விசுவாசிகளே கேட்கிறார்கள். அதற்கு வேத ஆதாரமும் காட்டுகிறார்கள். லூக்கா 12-ஆம் அதிகாரத்தில் சொத்தைப் பங்கிட்டுத்தரும்படி ஒருவன் கேட்டபோது, நம் ஆண்டவர் பங்கிடுகிறவராக இருக்க மறுத்துவிட்டார் அல்லவா?

மறுத்தார். ஆனால் அவர் யாரிடம் மறுத்தார் என்று பாருங்கள். அங்கே இருந்தது சகோதரர்களின் பொருளாசை. அதை அவர் உடனே கண்டித்தார். லூக்கா 18-இலோ, பரலோகத்தை நோக்கி ஓயாமல் ஜெபிக்க வேண்டும் என்று கற்பிக்க அவர் தெரிந்துகொண்ட முன்மாதிரியே, அநீதியுள்ள நியாயாதிபதியின் வாசலை விட்டு அகலாத ஒரு விதவை. ஜெபத்திற்கும் நியாயத்திற்கும் இடையே நாம் எழுப்பும் சுவர் அந்த உவமையில் இல்லை. ஏசாயா முதல் அதிகாரத்தில், எண்ணற்ற பலிகளும் பண்டிகைகளும் தேவனுக்கு ஏன் பாரமாயின என்று வாசியுங்கள். விதவையின் வழக்கு விசாரிக்கப்படாத ஊரில் ஆராதனை அவருக்கு இன்பமாயிருக்கவில்லை.

சீகன்பால்கு நடந்துகொண்ட விதம் எல்லாவற்றிலும் சரியா என்று கேட்கலாம். ஆராதனை இடத்தில் அதிகாரியை நெருக்கியது விவேகமா, சற்றுப் பணிந்திருந்தால் வேலை தடைபடாதிருந்திருக்குமே என்று எண்ணலாம். அவர் பிடிவாதமுள்ளவர்தான். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். எழுத்தில் அழைப்பு வேண்டும் என்று அவர் கேட்டது ஆணவத்தினால் மட்டும் அல்ல. வாய்ச்சொல்லால் ஆளப்படும் இடத்தில் எளியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. பிலிப்பியில் பவுலும் இரகசியமாக வெளியேற மறுத்து, அதிகாரிகளே வந்து தங்களை வெளியே அழைத்துப்போக வேண்டும் என்றார் (அப்போஸ்தலர் 16). சட்டம் தரும் உரிமையைக் கேட்பது விசுவாசக் குறைவு அல்ல.

நான்கு மாதங்கள்

சிறைவாசத்தை நாம் அழகுபடுத்திப் பேசலாகாது. நம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் 1925-இல் கண்மூடிய சுப்பிரமணிய சிவாவை நினைத்துக்கொள்ளுங்கள். 1908-இல் தேசத்துக்காகச் சிறை சென்றவர், தொழுநோயாளியாக வெளியே வந்தார். சிறை உடலைத் தின்னும், காலத்தைத் தின்னும். யோசேப்பினால் நன்மை பெற்ற பானபாத்திரக்காரன், வெளியே போனதும் அவனை மறந்தான் என்று வேதம் ஒளிக்காமல் சொல்லுகிறது.

சீகன்பால்குவுக்கும் அந்நான்கு மாதங்கள் இழப்பே. ஒரு மாதம் ஓடிய மொழிபெயர்ப்பு நின்றது. ஆனால் அவர் அங்கும் எழுதினார். தேவனுக்குப் பிரியமான கிறிஸ்தவ வாழ்வைக் குறித்து ஒன்று, தேவனுக்குப் பிரியமான போதக ஊழியத்தைக் குறித்து ஒன்று என இரு நூல்களை ஜெர்மன் மொழியில் சிறையில் எழுதினார். அவருடைய சூழலில் அவ்விரண்டும் ஏட்டுக் கேள்விகளாக இருந்திருக்க முடியாது. ஒரு விதவைக்காகப் பேசியது ஊழியமா, ஊழியத்துக்கு இடையூறா என்ற கேள்வியோடுதான் அவர் உட்கார்ந்திருந்தார்.

1709 மார்ச்சில் வெளியே வந்தார். விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். 1711 மார்ச் 31-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் நிறைவுற்றது. 1714-இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் எஞ்சிய பகுதிகளும் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சேறின. நியாயாதிபதியின் வாசலில் நின்ற அந்த விதவை முதன்முதலாகத் தமிழ் அச்செழுத்தில் பேசியது அந்த நூலில்தான். அவளுக்குத் தமிழ் கொடுத்தவர், அவளைப் போன்ற ஒருத்திக்காகக் கோட்டையில் இருந்தவர். இது தற்செயல் என்று என்னால் எண்ண முடியவில்லை.

1719 பிப்ரவரி 23-இல், 36 வயதில், சீகன்பால்கு தேவனுக்குள் நித்திரையடைந்தார். அதற்கு முந்தைய ஆண்டு பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் பண்ணப்பட்டார். அவருடைய பெயரை நாம் நினைவுகூருகிறோம், பிள்ளைகளுக்குச் சூட்டுகிறோம். நல்லது. அந்த விதவைக்கோ கல்லும் இல்லை, விழாவும் இல்லை.

நம் ஊர்க் கீழ்த்தளம்

அன்பானவர்களே, நம் பக்கத்தில் மழை பொய்த்தால் கடன் வருகிறது. மகன் பெங்களூருக்கும் மகள் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். குழுக் கடன், வாரத் தவணை, நகைக் கடன், கைமாற்று என்று ஒரு வீட்டில் நான்கு கணக்குகள் ஓடுகின்றன. வீட்டுத் தலைவர் திடீரென்று மரித்தால், அடக்க ஆராதனைக்கு நாம் திரளாகக் கூடுகிறோம், ஆறுதல் பாடல் பாடுகிறோம், கலைந்துபோகிறோம். மறுவாரம் அந்தச் சகோதரி தனியே இறப்புச் சான்றிதழுக்கு நிற்கிறாள். வாரிசுச் சான்றிதழுக்காகக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நடக்கிறாள். மறைந்தவர் வாங்கியதாக யாரோ சொல்லும் தொகை உண்மையா என்று அவளுக்குத் தெரியாது. எழுத்தில் காட்டுங்கள் என்று கேட்கவும் அவளுக்கு நா எழுவதில்லை.

அவளோடு நடக்க நம்மில் எத்தனைபேர்? நம் சபையில் படித்தவர்கள் உண்டு; அரசு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள் உண்டு; வங்கிப் படிவத்தை நிரப்பத் தெரிந்த வாலிபர் உண்டு. அடக்க ஆராதனைக்கு அடுத்த மாதம் முழுவதும், அந்த வீட்டோடு அலுவலகங்களுக்குச் செல்ல இருவர் பொறுப்பேற்றால் அது ஜெபக்கூட்டத்துக்குக் குறைந்த ஊழியம் அல்ல. அவ்வாறே, சேலம் மத்திய சிறையில் இருப்போரை மட்டுமன்றி, வெளியே வெட்கப்பட்டு வாழும் அவர்கள் குடும்பத்தாரையும் சந்தியுங்கள். கட்டப்பட்டவர்களோடு நாமும் கட்டப்பட்டவர்களைப்போல நினைத்துக்கொள்ளும்படி எபிரெயர் நிருபம் நமக்குக் கற்பிக்கிறது (13:3).

இதற்கு விலை உண்டு. செல்வாக்குள்ளவர் முகம் சுளிப்பார். சில சமயம் அவர் நம் சபையிலேயே முன்வரிசையில் அமர்கிறவராயிருப்பார். மேல்தளத்தில் நமக்கு ஓர் அறை எப்போதும் காலியாகவே வைக்கப்பட்டிருக்கும். அங்கே காற்று நன்றாக வீசும். கடலும் அழகாகத் தெரியும். ஆனால் நம் ஆண்டவர் பசியாயும் அந்நியராயும் காவலிலும் இருப்பவராகத் தம்மைக் காட்டினாரே (மத்தேயு 25), அவரைச் சந்திக்க விரும்புகிறவன் படியிறங்கித்தான் ஆகவேண்டும்.

தரங்கம்பாடி செல்லும்போது பிள்ளைகளுக்குக் கீழ்த்தளத்தைக் காட்டுங்கள். சீகன்பால்கு ஐயரின் பெயரைச் சொல்லும்போது, அந்த நாவிதர் வீட்டு அம்மாவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஜெபம்: திக்கற்றவர்களின் தகப்பனும் விதவைகளின் நியாயாதிபதியுமாகிய பிதாவே, உமது வார்த்தையை எங்கள் தாய்மொழியில் தந்ததற்காக ஸ்தோத்திரம். அதற்காகப் பாடுபட்டவர்களை நினைக்கிற நாங்கள், அவர்கள் யாருக்காகப் பாடுபட்டார்களோ அவர்களை மறவாதிருக்கக் கிருபை செய்யும். பேச நாவற்றவளுக்கு நாவாகவும், தனியே நடக்கிறவளுக்குத் துணையாகவும் எங்களை அனுப்பும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

சமாதானத்தின் தேவன் இவ்வாரம் முழுவதும் உங்களோடிருப்பாராக.